விலையறிந்த சீடர்

நுழையும்முன்

ஊரோடு ஒத்து வாழ்வதே அறிவுடைமை என்பது உலக வழக்கு. ஊரே வழிதவறி நடக்கும்போது அந்த அறிவுரை என்ன ஆகும்? மார்ட்டின் லூதரைத் தந்த ஜெர்மனி, 1933ஆம் ஆண்டு ஹிட்லரின் பின்னே திரண்டது. திருச்சபையின் பெரும்பகுதியும் அந்தத் திரளில் கலந்துவிட்டது. அந்நாளில் இயேசுவின் மலைப்பொழிவைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடாமல், அதன்படி வாழ்ந்து பார்க்கத் துணிந்த இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபரின் வரலாறு இது.

டீட்ரிக் போன்ஹோஃபர் 1906ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். இன்று அந்நகர் போலந்து நாட்டில் உள்ளது. அவரையும் சேர்த்து உடன்பிறந்தோர் எண்மர். அவருக்குச் சில நிமிடங்கள் கழித்துப் பிறந்த இரட்டைத் தங்கை சபீனா. தந்தை கார்ல் போன்ஹோஃபர் புகழ்பெற்ற மனநல மருத்துவர். தாய் பௌலா ஆசிரியப் பயிற்சி பெற்றவர். பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியை வீட்டிலேயே கற்பித்தார். 1912இல் குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தது. இசையும் நூல்களும் நல்ல உரையாடலும் நிறைந்த அவ்வீட்டில், சொல்லை அளந்து பேசும் பழக்கத்தைத் தந்தை வளர்த்தார். அவர்கள் ஆலயத்திற்குத் தவறாமல் செல்லும் குடும்பத்தினர் அல்லர்.

முதல் உலகப்போரில் அண்ணன் வால்டர் 1918இல் உயிரிழந்தார். தாய் நெடுங்காலம் துயரிலிருந்து மீளவில்லை. வால்டரின் விவிலியப் படி டீட்ரிக்கின் கைக்கு வந்தது. அதை அவர் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தினார். பியானோ வாசிப்பதில் தேர்ந்திருந்த அவர் இசைக்கலைஞர் ஆகக்கூடும் என்றே வீட்டார் எண்ணியிருந்தனர். அவரோ இறையியல் பயிலப்போவதாக இளமையிலேயே அறிவித்தார். திருச்சபை வலுவிழந்து சலிப்பூட்டும் அமைப்பாகிவிட்டதே என்று அண்ணன்மார் கேலி செய்தனர். அப்படியானால் அதைத் தாமே சீர்திருத்திவிடுவதாகச் சிறுவன் விடையளித்தான். அவ்விடையிலிருந்த பிள்ளைத்தனம் பின்னாளில் மறைந்தது, பிடிவாதம் மறையவில்லை.

டூபிங்கனிலும் பெர்லினிலும் பயின்று, 21ஆம் வயதில் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். ஸ்பெயினின் பார்சலோனா நகரில் ஜெர்மானியர் சபையில் ஓராண்டு பணியாற்றினார். 24 வயதுக்குள் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தகுதியும் பெற்றார். கல்வி, குடும்பப்பெயர், அறிவுக்கூர்மை ஆகிய அனைத்தும் அவருக்கு வாய்த்திருந்தன. இறையியல் அவருக்கு அதுவரை நூலறிவாகவே இருந்தது.

ஆர்லெம் தந்த பாடம்

1930ஆம் ஆண்டு மேற்படிப்பிற்காக நியூயார்க் சென்றார். அங்குள்ள இறையியல் கல்லூரியின் பாடங்கள் அவரைப் பெரிதும் ஈர்க்கவில்லை. உடன் பயின்ற கறுப்பின மாணவர் ஆல்பர்ட் ஃபிராங்க்ளின் ஃபிஷர், ஆர்லெம் பகுதியிலுள்ள அபிசீனியப் பாப்டிஸ்ட் ஆலயத்திற்கு அவரை அழைத்துச் சென்றார். அடிமைப்பட்ட முன்னோரின் கண்ணீரில் விளைந்த பாடல்களை அங்கே கேட்டார். ஞாயிறுதோறும் சென்று அங்குள்ள சிறுவர்க்கு வகுப்பெடுத்தார். ஒருமுறை உணவகம் ஒன்றில் ஃபிஷருக்கு மற்றவர்க்குரிய மதிப்புடன் உணவு பரிமாற மறுத்தபோது, போன்ஹோஃபர் பலரும் காண எழுந்து வெளியேறினார். வெள்ளையர் ஆலயங்களில் காணாத உயிர்ப்பை, ஒதுக்கப்பட்டோரின் ஆலயத்தில் அவர் கண்டார். அந்தப் பாடல்களின் இசைத்தட்டுகளைத் தேடிச் சேகரித்து ஊருக்கு எடுத்துச் சென்றார்.

அதே கல்லூரியில் பிரெஞ்சு மாணவர் ழான் லாசேர் நண்பரானார். ஜெர்மனியும் பிரான்சும் ஒன்றையொன்று வெறுத்த காலம் அது. வால்டரைக் கொன்ற போரில் எதிரணியில் நின்ற நாட்டைச் சேர்ந்தவர் லாசேர். பகைவரிடம் அன்பு செலுத்துங்கள் என்னும் மலைப்பொழிவின் கட்டளை, எட்டாத உயரத்திலுள்ள இலட்சியம் அன்று, பின்பற்றப்பட வேண்டிய நேரடியான ஆணை என்பதை அவருடன் நிகழ்த்திய உரையாடல்களில் போன்ஹோஃபர் உணரத் தொடங்கினார்.

1931இல் பெர்லின் திரும்பியவர், பல்கலைக்கழகப் பணியுடன் போதகர் பணியையும் ஏற்றார். வறுமை மிக்க தொழிலாளர் பகுதியில் ஏறத்தாழ 50 சிறுவர்களைத் திடப்படுத்தலுக்கு ஆயத்தம் செய்யும் பொறுப்பு அவருக்கு வந்தது. முதல்நாள் மாடிப்படியில் ஏறிய புதிய போதகரின் தலைமேல் சிறுவர்கள் குப்பைகளை எறிந்தனர். அவர் பெயரின் முதற்பகுதியை முழக்கமாக்கிக் கூச்சலிட்டனர். அவர் சினங்கொள்ளவில்லை. சுவரோரம் அமைதியாக நின்றார். கூச்சல் தணிந்ததும் மெல்லிய குரலில் ஆர்லெம் சிறுவர்களைப் பற்றிக் கதை சொல்லத் தொடங்கினார். பின்னர் அப்பகுதியிலேயே வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கினார். தாம் இல்லாத நேரத்திலும் சிறுவர்கள் வந்து செல்லலாம் என்று வீட்டுக்கார அம்மையாரிடம் சொல்லி வைத்தார். திடப்படுத்தல் நாளில் நல்லுடை இல்லாதோர்க்குத் தம் செலவில் துணி வாங்கிக் கொடுத்தார்.

திருச்சபைக்குள் ஒரு போர்

1933 சனவரி 30 அன்று ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். இரண்டு நாள்கள் கழித்துப் போன்ஹோஃபர் வானொலியில் உரையாற்றினார். தலைவன் ஒருவன் தன்னையே வழிபாட்டுப் பொருளாக்கிக்கொண்டால் மக்களை வழிதவறச் செய்பவனாகிவிடுவான் என்பது அவ்வுரையின் சாரம். உரை முடியுமுன்னரே ஒலிபரப்பு துண்டிக்கப்பட்டது. ஏப்ரல் முதல் நாள் யூதர் கடைகளைப் புறக்கணிக்குமாறு அரசு ஆணையிட்டது. தொண்ணூறு வயதைத் தொட்ட அவருடைய பாட்டி யூலியா, வாயிலை மறித்து நின்ற சீருடையினர் நடுவே நடந்து சென்று, தமக்கு வேண்டிய பொருளை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அம்மாதமே போன்ஹோஃபர், யூதர் சிக்கலில் திருச்சபையின் கடமையை ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். அரசின் செயல் முறையானதா என்று வினவுவது முதற்கடமை. பாதிக்கப்பட்டோர் எம்மதத்தினர் ஆயினும் உதவுவது அடுத்தது. சக்கரத்தின் கீழ் நசுங்கியோர்க்கு மருந்திடுவதோடு நில்லாமல், தேவையெனில் அச்சக்கரத்தையே தடுத்து நிறுத்துவது அதற்கும் அடுத்தது என்று அதில் வாதிட்டார். அத்தகைய சொற்களை எழுத அன்று மிகச் சிலரே துணிந்தனர்.

எழுதிய கை ஒருமுறை நடுங்கவும் செய்தது. தங்கை சபீனாவின் கணவர் கெர்ஹார்ட் லைபோல்ஸ் யூத மரபினர். அதே ஏப்ரலில் அவருடைய தந்தை காலமானார். அவர் திருமுழுக்குப் பெறாத யூதர். அடக்கச் சடங்கை நடத்தித் தருமாறு தங்கை குடும்பத்தார் போன்ஹோஃபரிடம் கேட்டனர். அவர் மேலதிகாரியின் அறிவுரையை நாடினார். வேண்டாம் என்றார் மேலதிகாரி. போன்ஹோஃபரும் மறுத்துவிட்டார். சில மாதங்களில் அந்த மறுப்பு அவரை வாட்டியது. எப்படி அவ்வளவு அஞ்சினேன் என்று தம்மையே நொந்து, தங்கையிடமும் மைத்துனரிடமும் மடல் வழி மன்னிப்புக் கேட்டார். அவருடைய பிற்காலத் துணிவை எண்ணுவோர் இந்நிகழ்ச்சியையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

யூத மரபினர் திருச்சபைப் பொறுப்புகளில் இருக்கக்கூடாது என்னும் விதி திருச்சபைக்குள்ளேயே புகுந்தது. அவருடைய நெருங்கிய நண்பர் ஃபிரான்ஸ் ஹில்டபிராண்ட் யூத மரபில் வந்த போதகர். நண்பருக்கு மறுக்கப்படும் பணியைத் தாம் மட்டும் ஏற்பது எங்ஙனம் என்று எண்ணிய போன்ஹோஃபர், பெர்லினில் கிடைக்கவிருந்த போதகர் பொறுப்பைத் துறந்தார். மார்ட்டின் நீமொல்லர் முதலியோருடன் இணைந்து எதிர்ப்பைத் திரட்டினார். 1934இல் நம்பிக்கை அறிக்கைத் திருச்சபை என்னும் தனி அணி உருவானது. இடையே லண்டனில் ஜெர்மானியர் சபைகளில் பணியாற்றினார். சிச்செஸ்டர் பேராயர் ஜார்ஜ் பெல் அங்கே அவருக்கு வாழ்நாள் நண்பரானார்.

அக்காலத்தில் அவருடைய நெஞ்சம் இந்தியாவை நாடியது. ஐரோப்பியக் கிறித்தவர்கள் ஓதிக்கொண்டிருந்த மலைப்பொழிவை, காந்தியடிகள் அறப்போரில் நடைமுறைப்படுத்திக் காட்டுகிறார் என்று அவர் கருதினார். பெல் பரிந்துரை மடல் எழுதினார். 1934 நவம்பரில் காந்தியடிகளிடமிருந்து அழைப்பு வந்தது. தாம் சிறையில் இல்லாதிருந்தால் தம்முடன் தங்கலாம் என்னும் குறிப்பும் அதில் இருந்தது. பயணம் நிகழவில்லை. எதிர்ப்புத் திருச்சபைக்குப் போதகர்களைப் பயிற்றுவிக்க அவரை நாட்டிற்கு அழைத்திருந்தனர்.

ஃபிங்கன்வால்டே

1935 ஏப்ரலில் பால்டிக் கடற்கரையில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, விரைவில் ஸ்டெட்டின் நகருக்கு அருகிலுள்ள ஃபிங்கன்வால்டேவுக்கு மாறியது. அரசின் ஏற்பு இல்லை. ஊதியத்திற்கோ பணிக்கோ உறுதி இல்லை. இங்குப் பயின்று வெளியேறும் இளைஞர்க்குச் சிறை வாய்ப்பதே எளிது. இருபதுக்கும் மேற்பட்டோர் முதல் அணியில் சேர்ந்தனர்.

அருளுரை ஆற்றும் கலையைக் கற்கலாம் என்று வந்தோர்க்கு வேறொரு வாழ்க்கைமுறை காத்திருந்தது. காலையும் மாலையும் கூட்டு வழிபாடு. நாள்தோறும் அரைமணி நேரம் விவிலியப் பகுதி ஒன்றின்மீது பேச்சற்ற தியானம். இது சிலர்க்கு உறக்கத்தையும் சிலர்க்கு எரிச்சலையும் தந்தது. துறவிமடம் நடத்துகிறார் என்று வெளியிலிருந்தும் குறை கூறினர். ஆயினும் நடை, விளையாட்டு, இசை ஆகியவற்றுக்கும் அங்கு இடமிருந்தது. ஆர்லெமின் பாடல்கள் இசைத்தட்டுகளில் ஒலித்தன. உடன் வாழும் ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசக்கூடாது; தவறிப் பேசிவிட்டால் அவரிடமே சென்று அதைச் சொல்லிவிட வேண்டும். விதிகளில் இதுவே கடினமானது என்பதை விடுதியில் ஒரு வாரம் தங்கியவரும் அறிவர். தொடக்க நாள்களில் ஒருமுறை சமையலறை வேலைக்கு ஆள் கேட்கப்பட்டபோது ஒருவரும் எழவில்லை. போன்ஹோஃபர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து சென்று வேலையைத் தொடங்கினார். பதறிப் பின்தொடர்ந்த மாணவர்களை உள்ளே விடவில்லை. பின்னர் அதுபற்றி அவர் பேசவும் இல்லை.

அங்கு ஆற்றிய விரிவுரைகளே 1937இல் சீடத்துவம் பற்றிய நூலாக வெளிவந்தன. மன்னிப்பைச் சந்தைப் பொருள்போல் மலிவாக வழங்கும் சமயத்தை அந்நூல் கண்டித்தது. வாழ்வில் எதையும் மாற்றாமல் பெறும் ஆறுதலை அவர் அருள் என்று ஏற்கவில்லை. இறையருள் இலவசமாகக் கிடைப்பது. ஆனால் அதைப் பெற்றவரிடம் அது முழு வாழ்வையும் கேட்கும். மீனவர்கள் வலையை விட்டுவிட்டு எழுந்ததுபோல், கேட்டவுடன் எழுவதே பின்பற்றுதல் என்று அவர் விளக்கினார். நூல் வெளிவருமுன்னரே, அவ்வாண்டுச் செப்டம்பரில் இரகசியக் காவல்துறை பள்ளிக்கு முத்திரையிட்டது. ஆண்டிறுதிக்குள் அங்குப் பயின்ற பலர் சிறைப்பட்டனர். போன்ஹோஃபரின் பல்கலைக்கழகப் பணி உரிமை ஓராண்டுக்கு முன்பே பறிக்கப்பட்டிருந்தது.

1938 நவம்பர் 9 இரவில் ஜெர்மனியெங்கும் யூதரின் தொழுகைக்கூடங்கள் எரிந்தன. போன்ஹோஃபர் தம் விவிலியத்தில் 74ஆம் திருப்பாடலைத் திறந்து, இறைவனின் இல்லங்கள் எரிக்கப்பட்டதைப் பாடும் அடியருகே அந்நாளின் தேதியைக் குறித்து வைத்தார். சபீனாவும் குடும்பத்தாரும் அதற்கு முன்பே நாட்டைவிட்டுத் தப்பியிருந்தனர்.

இருபத்தைந்து நாள்கள்

போர் நெருங்கியது. ஹிட்லரின் படையில் சேர அவர் மனம் இசையவில்லை. மறுப்போர்க்கு மரணதண்டனை காத்திருந்தது. நண்பர்கள் முயன்று அமெரிக்காவில் அவருக்குப் பணி ஏற்பாடு செய்தனர். 1939 சூன் 12 அன்று நியூயார்க்கை அடைந்தார். பாதுகாப்பான அறை, அன்பான மனிதர்கள், கற்பிக்கும் பணி அனைத்தும் அங்கிருந்தன. மனம் மட்டும் அமைதி கொள்ளவில்லை. விட்டுவந்த மாணவர்களின் நினைவு அவரை அலைக்கழித்தது. தம் மக்களுடன் துன்ப நாள்களைப் பகிர்ந்துகொள்ளாதவருக்கு, போருக்குப்பின் அவர்களின் வாழ்வைக் கட்டியெழுப்பும் உரிமை இருக்காது என்று அழைத்தவர்களுள் ஒருவரான ரைன்ஹோல்ட் நீபருக்கு எழுதிவிட்டு, சூலை 7ஆம் நாள் இரவு கப்பலேறினார். இருபத்தைந்து நாள்களே அங்குத் தங்கியிருந்தார். இரண்டு மாதம் கடக்குமுன் போர் மூண்டது.

அடுத்து அவர் எடுத்து வைத்த அடி, அவரை மதிப்போரையும் இன்றுவரை சிந்திக்க வைப்பது. அக்காள் கிறிஸ்டினாவின் கணவர் ஹான்ஸ் ஃபான் டோனானி, இராணுவ உளவுத்துறையில் இருந்துகொண்டே ஹிட்லரை வீழ்த்தச் சூழ்ந்தவர்களுள் ஒருவர். அத்துறையின் தலைவர் கடற்படைத் தளபதி கனாரிசும் ஹான்ஸ் ஓஸ்டரும் அச்சூழ்ச்சிக்குத் துணை நின்றனர். போன்ஹோஃபர் அவ்வட்டத்தில் இணைந்தார். பகைவரை நேசிக்கக் கற்பித்தவர், ஒருவரைக் கொல்லத் திட்டமிட்டோருடன் நின்றார். உண்மையே பேச வேண்டும் என்றவர் பொய்ப்பெயரில் பயணம் செய்வோருடனும் போலி ஆவணங்களுடனும் வாழ்ந்தார். வாளெடுத்தவர் வாளால் மடிவர் என்னும் இயேசுவின் சொல் நமக்கும் பொருந்துமா என்று டோனானி ஒருநாள் கேட்டார். ஆம், பொருந்தும் என்றே போன்ஹோஃபர் விடையளித்தார். தம் செயல் நேர்மையானது என்று அவர் வாதாடவில்லை. பிறர் பொருட்டுக் குற்றத்தையும் சுமக்க முன்வருவோர் தேவைப்படும் காலம் இது என்று கருதினார். தீர்ப்பை இறைவனிடம் விட்டுவிட்டார்.

1940இல் பிரான்ஸ் வீழ்ந்த செய்தி வந்தபோது, அவரும் நண்பர் எபர்ஹார்ட் பெத்கேயும் ஒரு சிற்றுண்டிச்சாலையில் இருந்தனர். மக்கள் நாற்காலிகள்மேல் ஏறிக் கைநீட்டிப் பாடினர். போன்ஹோஃபரும் கைநீட்டி வணங்கினார். திகைத்து நின்ற பெத்கேயிடம், கையை உயர்த்துமாறு காதோடு சொன்னார். உயிரைக் கொடுக்க வேண்டிய வேளை வேறு வரும், இந்த வணக்கத்திற்காக அன்று என்று பின்னர் விளக்கினார். ஃபிங்கன்வால்டேவின் ஆசிரியர் எவ்வளவு தொலைவு வந்துவிட்டார் என்பதைப் பெத்கே அன்றே உணர்ந்தார்.

1942இல் யூதர் உள்ளிட்ட 14 பேரைச் சுவிட்சர்லாந்துக்குத் தப்புவிக்கும் முயற்சியில் டோனானிக்குத் துணை நின்றார். அவ்வாண்டு மே மாதம் சுவீடனில் பேராயர் பெல்லைச் சந்தித்து, எதிர்ப்பாளர்களின் பெயர்களைத் தெரிவித்தார். பெல் அதனை இங்கிலாந்து அரசிடம் சேர்த்தார். ஆதரவான விடை ஏதும் கிட்டவில்லை.

சிறையும் முடிவும்

1943 சனவரியில் மரியா ஃபான் வேடமையர் என்னும் இளம்பெண்ணுடன் மணவுறுதி நிகழ்ந்தது. தந்தையையும் தமையனையும் போரில் அண்மையில் இழந்திருந்தவர் அவர். மூன்று மாதங்களுள், ஏப்ரல் 5 அன்று போன்ஹோஃபர் கைதாகிப் பெர்லினின் தேகல் சிறையில் அடைக்கப்பட்டார். முதலில் நாற்றமடித்த போர்வைகளும் கதவிடுக்கில் வீசப்பட்ட ரொட்டியுமே கிடைத்தன. நகரப் படைத்தலைவர் அவருக்கு மாமா முறை என்று தெரிந்ததும் அதிகாரிகள் நடத்தை மாறியது. கூடுதல் உணவு தர முன்வந்தனர். அது பிற கைதிகளின் பங்கிலிருந்து வருவது என்பதால் மறுத்துவிட்டார். குண்டுவீச்சு நாள்களில் காயமுற்றோர்க்கு உதவினார். நட்புகொண்ட காவலர் வழியே பெத்கேக்கு மடல்கள் சென்றன. சமயச் சொற்கள் பொருளிழந்துபோன உலகில் கிறித்து யாராக இருக்கிறார் என்னும் வினா அவற்றில் மீண்டும் மீண்டும் எழுந்தது. அவர் இறந்தபின் பெத்கே தொகுத்து வெளியிட்ட அம்மடல்களே அவரை உலகறியச் செய்தன.

1944 சூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றது. அவ்வாண்டுச் செப்டம்பரில் சூழ்ச்சியாளர்களின் ஆவணங்கள் பிடிபட்டன. காவலர் ஒருவர் போன்ஹோஃபரைத் தப்புவிக்க முன்வந்தார். குடும்பத்தார் மாற்றுடையும் பணமும் சேர்த்துக் கொடுத்தனர். அந்நேரம் அண்ணன் கிளாவுஸ் கைதானார். தாம் தப்பினால் அண்ணனும் பெற்றோரும் மரியாவும் துன்புறுவர் என்று எண்ணித் திட்டத்தைக் கைவிட்டார். திறந்திருந்த கதவை அவர் மூடியது இது இரண்டாம் முறை.

அக்டோபரில் இரகசியக் காவல்துறையின் நிலவறைக்கும், 1945 பிப்ரவரியில் புக்கன்வால்ட் வதைமுகாமுக்கும் கொண்டு செல்லப்பட்டார். எங்கிருக்கிறார் என்றறியாத மரியா, கடுங்குளிரில் உடைப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஃபுளோசன்பூர்க் முகாம் வரை தேடிச் சென்று வெறுங்கையுடன் திரும்பினார். ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை. ஷோன்பெர்க் என்னும் சிற்றூரின் பள்ளிக் கட்டடத்தில் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். வழிபாடு நடத்துமாறு சிலர் வேண்டினர். கத்தோலிக்கர் பலரும், இறைநம்பிக்கையற்ற சோவியத் அதிகாரி ஒருவரும் உடனிருந்ததால் போன்ஹோஃபர் தயங்கினார். அந்தச் சோவியத் அதிகாரியும் விரும்பிக் கேட்கவே ஒப்புக்கொண்டார். வழிபாடு முடிந்த சிறிது நேரத்தில் கதவு திறந்தது. புறப்படுமாறு இருவர் அழைத்தனர். தம்மிடமிருந்த புளூட்டார்க் நூலில் தம் பெயரைப் பெரிதாக எழுதி விட்டுச்சென்றார். ஆங்கிலேயக் கைதி ஒருவரிடம் பேராயர் பெல்லுக்குச் சொல்லவேண்டிய செய்தியை ஒப்படைத்தார். தமக்கு இது முடிவன்று, தொடக்கம் என்பது அதன் பொருள்.

அன்றிரவே ஃபுளோசன்பூர்க்கில் விசாரணை என்னும் பெயரில் ஒரு சடங்கு நடந்தது. 1945 ஏப்ரல் 9, விடியற்காலையில் கனாரிஸ், ஓஸ்டர் முதலியோருடன் அவரும் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. இரண்டு வாரங்கள் கழித்து அமெரிக்கப் படை அம்முகாமை விடுவித்தது. ஏப்ரல் முடிவதற்குள் ஹிட்லர் இறந்தார். கிளாவுசும், டோனானியும், மற்றொரு மருமகனும் அதே மாதத்தில் கொல்லப்பட்டிருந்தனர்.

இடிபாடுகளுக்கிடையே பெர்லினில் வாழ்ந்த பெற்றோரை உறுதிப்படாத செய்திகளே எட்டியிருந்தன. சூலை 27 அன்று லண்டன் வானொலி ஓர் ஆலய வழிபாட்டை ஒலிபரப்பியது. போர் முடிந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், இங்கிலாந்து மக்களும் நாடிழந்த ஜெர்மானியரும் ஒரே கூரையின்கீழ் ஒரு ஜெர்மானியருக்காக வேண்டினர். பேராயர் பெல் பேசினார். ஃபிரான்ஸ் ஹில்டபிராண்ட்டும் பேசினார். வானொலி அருகே அமர்ந்திருந்த முதிய தந்தையும் தாயும், தங்கள் மகனின் பெயரை அதில் கேட்டனர்.